மூங்கில் சிம்பு கட்டிய மருந்துப் புட்டி

வேலைக்கு வந்த முதல் வாரத்திலேயே நீங்கள் இருவரும் கேட்டுவிட்டீர்கள்: "அக்கா, சில இன்சுலின் புட்டிக் கழுத்துல மட்டும் எதுக்கு மூங்கில் சிம்பைக் கட்டித் தொங்கவிட்டிருக்கு? காத்துக் கறுப்பு அண்டாம இருக்கவா?" அன்றைக்கு வார்டில் நிற்க நேரமில்லை. சிரித்துவிட்டு நகர்ந்துவிட்டேன். இன்று பெட்டியைக் கட்டிவைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். கல்யாணமான நர்ஸுக்கு இந்த ஆஸ்பத்திரி விடுதியில் இடமில்லை என்பது விதி. ஆகவே தலையில் ஒரு நரைகூட இல்லாமல் ஓய்வு பெறுகிறேன். நாளை மறுநாள் மைசூர்ப் பக்கம் கணவர் வேலை பார்க்கும் ஊருக்கு ரயிலேறுகிறேன். அதற்குள் உங்கள் கேள்விக்குப் பதில் சொல்லிவிட வேண்டும்.

ஊசியை எவ்வளவு நேரம் கொதிக்க வைப்பது, மருந்துப் புட்டியை ஈர மணல் கலயத்தில் எப்படிப் புதைத்து வைப்பது, கலயத்து மணலை எப்போது நனைப்பது, சோதனைக் குழாயில் நிறம் மாறுவதை எப்படிப் படிப்பது எல்லாம் மருந்தறைச் சுவரில் என் கையெழுத்தில் ஒட்டியிருக்கிறது. அதை இங்கே திருப்பி எழுதப் போவதில்லை. சுவரில் ஒட்ட முடியாத ஒன்றை எழுதுகிறேன்.

உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த வருஷங்கள். நான் பயிற்சி முடித்து தர்மபுரிக்கு வந்தபோது, சன்னல் ஓரத்துக் கட்டிலில் மாதம்மாள் என்ற பெண் ஏற்கெனவே இருந்தாள். எல்லோருக்கும் மாதி. பென்னாகரத்தைத் தாண்டி ஏரியூர் போகும் வழியில் ஒரு சின்ன ஊர். பன்னிரண்டு, பதின்மூன்று வயது இருக்கும்.

பெரியவர்களுக்கு வரும் சர்க்கரை வியாதியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அது மெதுவாக வரும், பத்தியத்துக்கும் ஓரளவு அடங்கும். குழந்தைகளுக்கு வருவது அப்படிப்பட்டதல்ல. ஊசி மருந்து இல்லையென்றால் பிள்ளை இல்லை. மாதி குடம் குடமாகத் தண்ணீர் குடித்து, எலும்பும் தோலுமாக இளைத்துப்போனாள். அவள் ஒதுங்கிய இடத்தில் எறும்பு மொய்ப்பதைப் பார்த்துப் பயந்துபோய், அவளுடைய அப்பா மாரப்பன் தோளில் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார். மருந்து அவளைப் பிழைக்க வைத்தது. ஆனால் ஊருக்குப் போனதும் ஊசி விட்டுப்போவதும், மறுபடி படுத்துக்கொள்வதும், மறுபடி தூக்கி வருவதுமாக இருந்தது. அப்படி ஒரு தடவை வந்தபோது வெயில் கூசுகிறது என்றாளாம். அப்புறம் அடுப்புப் புகைக்குள் நிற்பது போல இருக்கிறது என்றாளாம். கிழவர்களுக்கு ஆண்டுக்கணக்கில் விளையும் புரை, இவளுக்குச் சில வாரங்களில் இரண்டு கண்ணிலும் விளைந்துவிட்டது.

எங்கள் டாக்டர் தம் புத்தகத்தைக் காட்டினார். சர்க்கரை வியாதிப் பிள்ளைகளின் புரை பனித்துகள் தூவியது போல இருக்கும் என்று அதில் போட்டிருந்தது. பனி விழுந்து நான் எங்கே பார்த்தேன்? என் கண்ணுக்கு, கருவிழிக்குப் பின்னால் யாரோ பச்சரிசி மாவைச் சலித்துவிட்டது போல இருந்தது.

நான் முதல் ஊசி போட்ட அன்று அவள் கேட்டாள்.

"புது நர்ஸம்மாவா? காலடி புதுசா இருக்குது."

"ஆமாம்."

"கறுப்பா இருப்பீங்களா, செவப்பா இருப்பீங்களா?"

"எதுக்கு?"

"எனக்கு வெளிச்சம் தெரியுது, ஆளு நிக்கறது நெழலாத் தெரியுது. மூஞ்சிதான் தெரியல. கண்ணு தெறந்ததும் மொதல்ல உங்களைத்தான் பாக்கணும். இந்தக் குத்துக் குத்தறவங்க மூஞ்சி எப்படித்தான் இருக்கும்னு பாக்க வேண்டாமா?"

பக்கத்துக் கட்டில் அம்மாள் சிரித்த சிரிப்பு இருமலில் முடிந்தது. நான் ஊசித் தட்டை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டேன். மறுநாளும் கேட்டாள். அதற்கு மறுநாளும். வார்டில் யாரும் சொல்லக் கூடாது என்று நானே கட்டளை போட்டுவிட்டேன். "கண்ணு தெரிஞ்சதும் நீயே பாத்துக்கோ" என்பது எங்களுக்குள் ஒரு விளையாட்டாக ஆகிவிட்டது.

காலையில் சிறுநீர் சோதனை செய்யும்போது குழாயைச் சூடுகாட்டும் சத்தம் கேட்டாலே எழுந்து உட்கார்ந்துவிடுவாள்.

"இன்னிக்கு என்ன நெறம்க்கா?"

"பச்சை."

"என்ன பச்சை? நெல்லு நாத்துப் பச்சையா, பாசிப் பச்சையா?"

"பாசி."

"சே. நேத்து ராத்திரி எனக்கு எவ களி அதிகமா வெச்சா?"

குழாயிலிருக்கும் மருந்து நீலம். சர்க்கரை இல்லையென்றால் நீலமாகவே நிற்கும். கொஞ்சம் இருந்தால் பச்சை, அப்புறம் மஞ்சள், மிஞ்சினால் செங்கல். மயில்துத்த நீலம் என்று நான் சொல்லும் நாளில் அவள் வார்டு முழுக்கக் கேட்கும்படி கைதட்டுவாள். அவளுக்கு ஞாபகத்தில் இருந்த நிறங்களையெல்லாம் அந்தக் குழாயில்தான் செலவு செய்தாள்.

டாக்டருக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. சர்க்கரை சீக்கிரம் அடங்கினால் சில பிள்ளைகளுக்கு இந்த மூட்டம் தானே விலகுவதுண்டு என்றார். தினமும் காலையில் விளக்கை அடித்துப் பார்ப்பார். அவர் குனியும்போது மாதி மூச்சை அடக்கிக்கொள்வாள். நானும் அடக்கிக்கொள்வேன். அவர் நிமிர்ந்து, "பார்ப்போம்" என்பார். அந்தச் சொல்லை நான் எவ்வளவு காலம் கேட்டேன் என்று கணக்கு வைக்கவில்லை. மூட்டம் விலகவில்லை.

பட்டணத்துக் கண் டாக்டர் ஒருவருக்கு எழுதிக் கேட்டோம். அறுக்கலாம் என்று பதில் வந்தது, ஒரு நிபந்தனையோடு. சர்க்கரை ஏறி இறங்கும் உடம்பில் கத்தி வைத்தால் புண் ஆறாது, சீழ் பிடித்தால் கண்ணே போய்விடும். ஆகவே நீலமோ, மிஞ்சினால் இளம்பச்சையோ தவிர வேறு நிறம் வராமல் ஒரு பருவம் முழுக்க நிற்க வேண்டும். அப்படி நின்றால் அழைத்து வாருங்கள்.

இங்கேதான் சிக்கல். ஒரு பருவம் முழுக்க அவளை வைத்திருக்க எங்களிடம் கட்டில் இல்லை. விஷக்காய்ச்சல்காரர்கள் வராந்தாவில் படுத்திருந்தார்கள். ஊருக்கு அனுப்பினால் ஊசி யார் போடுவது? மாரப்பனுக்குச் சொல்லிக்கொடுத்துப் பார்த்தேன். ஊசியைக் கையில் வாங்கியதும் அவருக்கு வேர்த்தது.

"ஆடு அறுக்கற கைங்க இது, நர்ஸம்மா. புள்ளை மேல குத்த வர மாட்டேங்குது."

"எங்கிட்டக் குடுங்க" என்றாள் மாதி. "எனக்குக் கை இருக்குதில்ல?"

கை இருந்தது. தொடையைக் கிள்ளிப் பிடித்துக் குத்திக்கொள்ள ஒரே நாளில் கற்றுக்கொண்டாள். ஆனால் கண்ணாடிக் குழலில் இருக்கும் மயிரிழைக் கோடுகளை அவளால் பார்க்க முடியாது. மருந்து எவ்வளவு ஏறியது என்பது தெரியாமல் குத்திக்கொள்ளக் கூடாது. வீட்டில் அந்தக் கோடுகளைப் படிக்கக்கூடியவர் எவரும் இல்லை.

நான் வார்டுப் பழக்கூடையிலிருந்து ஒரு சிம்பை ஒடித்தேன். ஊசிக்குழலின் தண்டைப் பின்னால் இழுத்தால்தானே மருந்து உள்ளே ஏறும்? அப்படி இழுக்கும்போது குழலின் விளிம்புக்கும் தண்டின் தலைக்கும் நடுவே ஓர் இடைவெளி உண்டாகிறது. அவளுக்கு வேண்டிய அளவு ஏறும்போது அந்த இடைவெளி எவ்வளவோ, அவ்வளவு நீளத்துக்குச் சிம்பைச் சீவினேன். தண்டை இழுத்துச் சிம்பை இடையில் வைத்துப் பார்க்க வேண்டும். சரியாகப் பொருந்தினால் அளவு சரி. விரலே போதும்.

எங்கள் டாக்டரிடம் ஒரு பழக்கம் உண்டு. யார் எந்தப் புது யோசனையோடு போனாலும், "மூணு சொல்லு" என்பார். அந்த யோசனை கெட்டுப்போகக்கூடிய மூன்று வழிகளைச் சொல்ல வேண்டும். சொன்னால்தான் அனுமதி.

"சிம்பு ஒடிஞ்சு போகலாம். தொலைஞ்சு போகலாம்."

"மூணாவது?"

யோசித்தேன். ஒன்றும் தோன்றவில்லை. அவரும் சிம்பை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்கும் தோன்றவில்லை.

"இருக்கும்," என்றார். "நம்ம ரெண்டு பேருக்கும் தெரியல, அவ்வளவுதான். அது தெரியற வரைக்கும் இந்தப் புள்ளையை மனசுல இருந்து எறக்கி வெக்காதே."

ஒடிந்தாலும் தொலைந்தாலும் இருக்கட்டும் என்று ஒரே நீளத்தில் இன்னும் சில சிம்புகள் சீவிக் கொடுத்தேன். மூன்றாவதைத் தேடிக்கொண்டே இருந்தேன்.

அவள் ஊருக்குப் புறப்படுமுன் நான் இன்னொன்றும் சொல்லி அனுப்ப வேண்டியிருந்தது. அவர்கள் ஊரில் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டிவிட்டால் பண்டிகை முடியும்வரை உடம்பில் இரும்பு படக் கூடாது, சவரம்கூடக் கிடையாது. முந்தின தடவை அத்தைக்காரி அதைச் சொல்லித்தான் ஊசியை நிறுத்தியிருக்கிறாள். கண்ணில் இறங்கியிருப்பவளே அம்மன்தான், அவள் இருக்கும் உடம்பில் குத்தலாமா என்று கேட்டாளாம். நான் அம்மனைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. மாதியிடம் மட்டும் சொன்னேன்.

"யார் சொன்னாலும் ஊசியை நிறுத்தாதே. அத்தை சொன்னாலும், அப்பா சொன்னாலும், ஊரே கூடி நின்னு சொன்னாலும். நான் சொன்னாத்தான் நிறுத்தணும்."

"நீங்க சொன்னீங்கன்னு அவங்க வந்து சொன்னா?"

"நம்பாதே."

"சரி," என்றாள். "வாக்குத் தவற மாட்டேன். நீங்களும் தவறக் கூடாது. மூஞ்சியைக் காட்டணும்."

வார்டில் இருந்த கடைசி நாட்களில் அவள் உள்ளங்கையில் விரலால் எண்களை எழுதிக் காட்டினேன். பள்ளிக்கூடம் போகாத பெண். ஒன்று, இரண்டு என்று கூச்சம் தாங்காமல் சிரித்துக்கொண்டே கற்றுக்கொண்டாள். ஊசி போடும்போதெல்லாம் என் மார்பில் குத்தியிருக்கும் கடிகாரத்தைக் கழற்றி அவள் கையில் கொடுப்பேன், காதில் வைத்துக்கொண்டு வலியை மறந்துவிடுவாள். புறப்படும் அன்றும் அதை வாங்கி ஒரு தரம் காதில் வைத்துக் கேட்டுவிட்டுத்தான் போனாள்.

அதற்குப் பிறகு வார்டில் காலைச் சோதனை சத்தமில்லாமல் நடந்தது. நிறத்தை யாரும் கேட்கவில்லை. நானாகச் சில நாள் வாய்க்குள் "பாசிப் பச்சை" என்று சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

மாரப்பன் சந்தைக்கு வரும்போது அடுத்த புட்டியை வாங்கிப்போவார். வீட்டில் அவளுடைய அம்மா அடுப்புத் தணலில் குழாயைக் காட்டி நிறம் பார்த்தாள். நீலம், நீலம், இளம்பச்சை, நீலம். மாரப்பன் சொல்லும்போதே பல்லெல்லாம் தெரியும். பட்டணத்து டாக்டர் கேட்ட பருவம் முடிய இன்னும் கொஞ்சம்தான் இருந்தது.

ஒரு சந்தை நாள் பிற்பகலில், ஒரு மளிகைக்கடைக்காரருக்கு ஊசி போட வேண்டி மணல் கலயத்திலிருந்து புதுப் புட்டியை எடுத்தேன். அதே உயரம், அதே மூடி. லேபிளில் இருபது என்று இருக்க வேண்டிய இடத்தில் நாற்பது என்று இருந்தது. சண்டையால் வழக்கமான சரக்கு வரவில்லை, கிடைத்ததை அனுப்பியிருக்கிறார்கள். அதே அளவு மருந்தில் வீரியம் இரண்டு மடங்கு. கண்ணால் பார்த்து ஊசி போடுகிறவருக்கு இதில் ஆபத்தில்லை. எண்ணைப் பார்ப்பார், பாதி எடுப்பார். சிம்புக்கு வாசிக்கத் தெரியாது.

மூன்றாவது இதுதான்.

கம்பவுண்டரிடம் ஓடினேன். "மாரப்பன் வந்தாரா?"

"மத்தியான வண்டியிலயே போயிட்டாருங்களே. பழைய புட்டி காலையோட தீந்துபோச்சாம், ராத்திரி ஊசிக்கு வேணும்னு துணியில சுத்தி வாங்கிட்டுப் போனாரு." என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரும் புட்டியை எடுத்துப் படித்தார். அவர் மேல் பிழை சொல்ல முடியாது. புட்டி கொடுப்பது அவர் வேலை, அளவு சொல்வது என் வேலை. இரண்டும் இரண்டு கை வழியாகப் போய்க்கொண்டிருந்தன, அவ்வளவுதான்.

டாக்டர் காலரா முகாமில். தந்தி அடித்தால் பென்னாகரத்தோடு நிற்கும், அங்கிருந்து ஆள் கொண்டுபோக மறுநாள் ஆகும். பொழுது சாய்ந்ததும் அவள் ஊசியை எடுத்துவிடுவாள்.

"வார்டை நான் பாத்துக்கறேன். நீங்க வண்டியைப் பிடிங்கம்மா," என்றார் கம்பவுண்டர்.

சண்டைக்கால வண்டிகள் எப்படி என்று உங்களுக்கே தெரியும். பெட்ரோல் கிடைக்காமல் கரியை எரித்து அதன் புகையில் ஓட்டினார்கள். மேடு வந்தால் மூச்சு வாங்கும். பென்னாகரத்துக்கு முன்னால் ஓர் ஏற்றத்தில் வண்டி நின்றே விட்டது.

"எறங்குங்க சாமி, எறங்குங்க! ஆம்பளைங்க எல்லாம் பின்னால வந்து ஒரு கை குடுங்க!" என்றார் கண்டக்டர்.

"ஏனுங்க, டிக்கட்டு வாங்குனவனுமா தள்ளணும்?"

"வாங்காதவன் யாராச்சும் இருந்தா சொல்லு, அவனை மட்டும் தள்ளச் சொல்றேன்."

"போன வாரம் இங்கதான் தள்ளுனேன். இந்த வாரம் பாதி சார்ஜு போடு."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு வெயில் சாய்வது மட்டும்தான் தெரிந்தது. டிரைவர் கரியடுப்புக்குக் காற்று ஊதும் காற்றாடியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, கரி நனைந்திருக்கிறது, பற்றிக்கொள்ள நேரமாகும் என்றார். அப்போது வண்டிக்கூரையிலிருந்து ஒருவர் தம் சைக்கிளை இறக்கிக்கொண்டிருந்தார். ஏரியூர்ப் பக்கத்துப் பள்ளிக்கூட வாத்தியார், வழியில் மாதியின் ஊரைத் தாண்டித்தான் போக வேண்டும்.

தங்கைகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். இதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். சேதி அனுப்ப ஆள் கிடைத்துவிட்டார். என்ன சேதி அனுப்புவது?

"பாதி சிம்பு அளவு போடு" என்பதுதான் சரியான கணக்கு. அதைத்தான் சொல்ல வாயெடுத்தேன். ஆனால் வாத்தியார் மாரப்பனிடம் சொல்லி, மாரப்பன் மாதியிடம் சொல்லி, கடைசியில் அது பாதிப் புட்டி என்று ஆகாது என்பதற்கு என்ன உறுதி? சிம்பை ஒடிக்கும்போது பாதி என்பது எங்கே என்று யார் பார்ப்பது? கைமாறினாலும் கெடாத சேதி ஒன்றுதான் இருந்தது: இன்று ராத்திரி ஊசியே வேண்டாம், சாப்பாடு மட்டும் சாப்பிடட்டும். ஒரு வேளை மருந்து இல்லாவிட்டால் சர்க்கரை ஏறும். ஏறினால் மறுநாள் நான் இறக்கலாம். இரண்டு மடங்கு மருந்து போனால் சர்க்கரை சட்டென்று கீழே விழும். வேர்த்துக் கொட்டி, கை நடுங்கி, நினைவு தப்பிவிடும். அதற்கு மறுநாள் கிடையாது.

ஆனால் ஒரு வேளை நின்றால் குழாய் செங்கலாக மாறும். பட்டணத்து டாக்டர் கேட்ட பருவம் அங்கேயே அறுந்துவிடும். அவள் கண்ணை நான் என் வாயாலேயே தள்ளிப்போடுகிறேன். தெரிந்துதான் சொன்னேன்.

வாத்தியார் தலையாட்டிவிட்டுப் பெடலில் கால் வைத்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் கேட்க மாட்டாள். யார் வந்து சொன்னாலும் நம்பாதே, நான் சொன்னதாகச் சொன்னாலும் நம்பாதே என்று உருப்போட வைத்தவளே நான்தானே. பண்டிகைக்கு நிறுத்தச் சொன்ன அத்தையின் வரிசையில் வாத்தியாரையும் நிறுத்திவிட்டு அவள் முழு அளவைக் குத்திக்கொள்வாள். வாக்குத் தவற மாட்டாள்.

"நில்லுங்க!" என்று கத்தினேன். மார்பிலிருந்து கடிகாரத்தைக் கழற்றி அவர் கையில் கொடுத்தேன். "ஒண்ணும் பேசாதீங்க. மொதல்ல இதை அவ கையில குடுங்க. அப்புறம் சொல்லுங்க."

"வெல ஒசந்த சாமானாட்டம் இருக்குதுங்களே," என்றார் தயங்கி.

"ஆமாங்க. அதனாலதான்."

அவர் போன திசையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நேரம் பார்க்கக் கையை மார்புக்குக் கொண்டுபோய், வெறும் துணியைத் தொட்டேன்.

கரி பற்றிக்கொண்டு, வண்டி பென்னாகரம் சேர்ந்து, அங்கே ஒரு மாட்டுவண்டி பிடித்து நான் அந்த ஊருக்குப் போனபோது வீடுகளில் விளக்கு வைத்திருந்தார்கள். வாசலில் கால் வைத்ததும், உள்ளேயிருந்து குரல் வந்தது.

"அக்கா காலடி. அப்பா, அக்கா வந்துட்டாங்க!"

உட்கார்ந்திருந்தாள். காதில் கடிகாரம். பக்கத்தில் பித்தளைத் தட்டில், சிம்பு வைத்து அளந்து மருந்து ஏற்றிய ஊசி. குத்தாமல் கிடந்தது.

வாத்தியார் கயிற்றுக் கட்டிலில் மோர் குடித்துக்கொண்டிருந்தார். "நல்ல வேளை கடியாரம் குடுத்தீங்க. இவங்கப்பாகிட்டச் சொன்னேன், அவரு சொன்னாரு, இது கேக்கவே இல்லீங்க. 'நீ யாருய்யா எங்கக்கா போடச் சொன்ன ஊசியை நிறுத்தறதுக்கு'ன்னு கேக்குது. மொதல்ல இதைக் குடுக்கச் சொன்னது அப்பத்தான் ஞாபகம் வந்தது. இன்னும் கொஞ்சம் போயிருந்தா அந்த ஊசியை எனக்கே போட்டிருக்கும்."

"பெரிய மனுசரை 'யாருய்யா'ங்கறா," என்று மாரப்பன் வெட்கப்பட்டார்.

"ஆளு பேசினா எப்படி நம்பறது?" என்றாள் மாதி. "இதைக் குடுத்ததும் தெரிஞ்சுபோச்சு. அக்கா ஸ்பிரிட் வாசம் அடிக்குது இதுல."

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, புட்டியைப் பற்றிச் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். ஊசி மருந்தை நான் வெளியே பீய்ச்சிக் கொட்டும் சத்தத்தையும் கேட்டாள். அப்புறம் மெல்லக் கேட்டாள்.

"ஒரு வேளை விட்டுப்போச்சே. பட்டணத்து டாக்டரு கணக்குப் போச்சா?"

"மறுபடி ஆரம்பிக்கணும்."

"மொதல்ல இருந்தா?"

"மொதல்ல இருந்து."

கடிகாரத்தைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை. அப்படியே படுத்துக்கொண்டாள். காலையில் அவள் அம்மா குழாயைத் தணலில் காட்டி, என்னைப் பார்த்துக் கண்ணால் கெஞ்சிவிட்டு, "பச்சைதான், ஆத்தா" என்றாள். மாதி முகத்தை என் பக்கம் திருப்பினாள்.

"செங்கல்" என்றேன்.

"அதான் பாத்தேன்," என்றாள். "அம்மா, நீயும் பொய் சொன்னா நான் யாரு கண்ணால பாக்கறது?"

அந்தப் புது வீரியத்துக்கு அங்கேயே புதுச் சிம்பு சீவினேன். விரலுக்கு வித்தியாசம் தெரியும்படி நுனியில் வெட்டு போட்டு, புட்டிக் கழுத்திலேயே நூலால் கட்டினேன். பழைய சிம்புகளை எல்லாம் அடுப்பில் போட்டேன். அன்று முதல் இந்த ஆஸ்பத்திரியில், கண் மங்கிய எந்த நோயாளிக்கும் புட்டி தனியாகப் போவதில்லை. லேபிளைப் படித்தவர் எவரோ அவரே சிம்பைச் சீவி, அவரே கட்டி, அவரே கையில் கொடுக்க வேண்டும். காத்துக் கறுப்புக்கு அல்ல. டாக்டர் திரும்பி வந்து கேட்டுவிட்டு, "மூணு வந்துடுச்சா? சரி, இப்ப நாலாவதைத் தேடு" என்றார். நான் இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன். இனி நீங்கள் தேடுங்கள்.

மறுபடி நீலத்துக்கு வரவும், நீலத்தில் நிற்கவும் அடுத்த மழைக்காலம் ஆகிவிட்டது. பட்டணத்துக்குப் புறப்பட்ட அன்று அப்பாவும் மகளும் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். எனக்கு உடன் போக விடுப்புக் கிடைக்கவில்லை. சின்ன வயதுப் புரை மிருதுவாக இருக்கும், ஊசி நுனியால் கீறிவிட்டால் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும், இரண்டு மூன்று தரம் செய்ய வேண்டியிருக்கும் என்று டாக்டர் விளக்கினார்.

"கண்ணுலயும் ஊசியா?" என்றாள் மாதி. "இனிமே என்னைக் குத்தாத எடம்னு ஒண்ணு பாக்கி இருக்குதாங்க டாக்டரய்யா?"

வண்டி ஏறுமுன் என் பக்கம் வந்து நின்றாள். கையைத் தூக்கினாள். முகத்தைத் தடவிப் பார்க்கப் போகிறாள் என்று நானும் குனிந்தேன். பாதியில் கையை இறக்கிக்கொண்டாள்.

"வேண்டாம். தொட்டா தெரிஞ்சிடும். கண்ணாலதான் பாப்பேன்."

மாரப்பன் போன மாதம் வந்தார். ஒரு கண் முடிந்துவிட்டது. தடித்த கண்ணாடி போட்டால் தெரிகிறது. கட்டை அவிழ்த்ததும் எதிரே நின்ற நர்ஸை வெகுநேரம் பார்த்துவிட்டு, "எங்கக்காவும் இப்படித்தான் தொப்பி போட்டிருப்பாங்களாப்பா?" என்று கேட்டாளாம். இன்னொரு கண்ணும் முடியட்டும் என்று பட்டணத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் இருக்கிறாள். மாம்பழக் காலம் முடிவதற்குள் வந்துவிடுவாள் என்றார். நான் அதற்கு முன்னால் போகிறேன்.

ஆகவே சில காரியங்களை உங்களிடம் விட்டுப் போகிறேன். தடித்த கண்ணாடி போட்ட வாயாடிப் பெண் ஒருத்தி வருவாள். வந்ததும் உங்கள் எல்லோர் முகத்தையும் முறைத்து முறைத்துப் பார்ப்பாள், கோபித்துக்கொள்ளாதீர்கள். நான் கறுப்பா சிவப்பா என்று கேட்பாள். சொல்லாதீர்கள். என் ஊருக்கு ரயில் எங்கே ஏற வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள். கடிகாரத்தை நான் எடுத்துப் போகிறேன். வேண்டுமென்றால் அவளே வந்து வாங்கிக்கொள்ளட்டும்.

அவளுடைய புட்டியில் சிம்பு கட்டாதீர்கள். சன்னல் பக்கம் நிறுத்தி, புட்டியைக் கையில் கொடுத்து, லேபிளை அவளையே படிக்கச் சொல்லுங்கள். எண் தெரியும் அவளுக்கு. உள்ளங்கையில் மட்டும்தான் தெரியும், கண்ணால் பார்த்ததில்லை. தேடிக் கண்டுபிடிக்க நேரமாகும். நீங்கள் சொல்லிக்கொடுக்க வேண்டாம்.

அவள் படிக்கும்போது முகம் எப்படி ஆகிறது என்று பாருங்கள். புருவத்தைச் சுருக்குகிறாளா, உதடு அசைகிறதா, சிரிக்கிறாளா. அன்றைக்கே எனக்கு எழுதிப் போடுங்கள்.